மண்ணைச் சோதிக்காத கருவி எங்களுக்கு வேண்டாம்!
(மயிலை மாங்கொல்லைப் பொதுக்கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த இடத்துக்குப் பேரு மாங்கொல்லை. பேரில்தான் மா இருக்கிறது, மரத்தைக் காணோம். பக்கத்திலே தியாகராய நகர் 1920களில் ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர். தோப்பும் ஏரியும் போன இந்த ஊருக்கு மாம்பழமும் வாழைப்பழமும் கொய்யாவும் நாம்தான் கோயம்பேடு வழியாக அனுப்புகிறோம். அதனால் நம் மண்ணின் கதையை மயிலாப்பூர்க்காரரும் அடையாறுக்காரரும் கேட்க வேண்டும்.

"விவசாயி உரத்தை அள்ளிக் கொட்டுகிறான், அவனுக்குக் கணக்குத் தெரியாது" என்று சிலர் எழுதுகிறார்கள். கணக்கை நாம் சொல்கிறோம், கேளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோட்டக்கால் வாழைக்குச் சொல்லும் அளவு, மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல்சத்து 330 கிராம். தழையைப் போல சாம்பல் மூன்று பங்கு! ஏக்கருக்கு 1000 வாழை வைத்தால் யூரியா ஐந்து மூட்டைக்குச் சற்று மேல் போதும். பொட்டாஷோ 11 மூட்டை வேண்டும்.

விலை என்ன? 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, அது அரசு கட்டுப்படுத்தும் விலை. பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. 2010 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு சத்து அடிப்படையிலான மானியம் என்று கொண்டுவந்து, யூரியாவை மட்டும் விட்டுவிட்டு மற்ற உரங்களின் விலையைக் கம்பெனிகள் கையில் கொடுத்தது. இன்றைக்குப் பொட்டாஷ் மூட்டை யூரியாவைப் போலப் பல மடங்கு விலை. கையில் காசு இல்லாதவன் எதை வாங்குவான்? மண்ணில் தழைச்சத்து ஏறிப்போய் சாம்பல்சத்து இறங்கிப்போனால், அது அறியாமை இல்லை தோழர்களே, டெல்லி போட்ட விலைப்பட்டியல்!

சரி, மண்ணைப் பார்த்து உரம் போடு என்கிறார்கள். நாமும் அதைத்தான் கேட்கிறோம். 2015-ல் மண்வள அட்டை வந்தது. 12 அளவுகள் அதில் உண்டு, நல்ல திட்டம்தான். ஆனால் பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டார்கள். அதாவது ஆறு ஏக்கருக்கு மேல் ஒரே ஒரு மாதிரி. நம்மில் பாதிப் பேருக்கு இரண்டு ஏக்கர்கூட இல்லை. பக்கத்துக் காட்டு மண்ணுக்கு நம் பேரில் அட்டை! அதுவும் மேல்மண் ஒரு சாண். நெல்லுக்கு அது சரி. மாமரத்து வேர் அங்கேயா நிற்கிறது? பழத்தோட்டத்துக்கு 30, 60, 90 செ.மீ. ஆழத்தில் தனித்தனியாக மண் எடுக்க வேண்டும் என்பது வேளாண் துறை சொல்லும் பாடம்தானே?

இந்த ஓட்டைக்குள் புகுந்து வருகிறது சென்சார் வியாபாரம். "மண்ணில் குத்துங்கள், தழை மணி சாம்பல் மூன்றும் செல்போனில் தெரியும்" என்கிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு தனியார் கம்பெனி இப்படித்தான் விற்றது. காலையில் குத்தினால் ஒரு எண், தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் குத்தினால் வேறு எண். கேட்டதற்குப் பதில் இல்லை, சந்தா மட்டும் மாதாமாதம்.

ஏன் அப்படி? மலிவாக விற்கும் இந்த முள்கருவிகளில் பெரும்பாலானவை சத்தை அளப்பதே இல்லை. மண்ணில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து மூன்று எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. ஈரம் கூடினால் மின்சாரம் கூடும். உப்பு இருந்தாலும் கூடும். உப்புத்தண்ணீர் கிணறு வைத்திருப்பவன் மண்ணை "சத்து நிறைய இருக்கு" என்று சொன்னாலும் சொல்லும்! அதை நம்பி உரத்தை நிறுத்தினால் குலை சிறுத்துப் போகும். நஷ்டம் யாருக்கு?

அதற்காக நாம் கருவிக்கு எதிரி இல்லை. ஈரத்தை அளக்கும் சென்சார் நல்ல கருவி. வேர் இருக்கும் ஆழத்தில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று புதைத்து வையுங்கள். தண்ணீர் விட்டதும் கீழே இருப்பதும் எகிறினால், தண்ணீர் வேரைத் தாண்டி ஓடுகிறது, கூடவே நாம் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்தும் நைட்ரேட்டாக ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது பாசனத்தைக் குறைத்து, உரத்தைச் சொட்டுநீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். மூட்டை மிச்சம், கரண்ட் மிச்சம், கிணறும் கெடாது.

நகரத்துப் பெரியவர்களே, இது உங்கள் கதையும்தான். 2019 வறட்சியில் திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீர் வாங்கித்தான் குடிநீர் வாரியம் சென்னைக்குக் கொடுத்தது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரக்கட்டளை. எங்கள் தோட்டத்தில் வீணாக இறங்கும் உரம் ஒருநாள் உங்கள் குடத்துக்கு வரும்.

ஆகவே நாம் கேட்பது:

1. சந்தையில் விற்கும் மண் சென்சார்களை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அடையாறு ஐ.ஐ.டி.யும் நம் செம்மண்ணிலும் கரிசலிலும் உவர்மண்ணிலும் சோதித்து, எது தேறியது எது தோற்றது என்று தமிழில் வெளியிட வேண்டும். சோதனையில் தேறாததை விற்கத் தடை வேண்டும்.

2. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. அதோடு ஈர சென்சாரையும் சேர்க்க வேண்டும்.

3. பழத்தோட்டங்களுக்கு மூன்று ஆழ மண் பரிசோதனையும் இலைப் பரிசோதனையும், உரம் வைக்கும் பருவத்துக்கு முன்பே முடிவு கைக்கு வரும்படி செய்து தர வேண்டும்.

4. நம் மண்ணின் விவரம் நமக்குச் சொந்தம். எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் உரக் கம்பெனிக்கோ காப்பீட்டுக் கம்பெனிக்கோ கொடுக்கக் கூடாது.

5. பொட்டாஷ் விலையை யூரியாவைப் போல அரசே நிர்ணயிக்க வேண்டும். யூரியா கேட்டால் வேண்டாததையும் சேர்த்துத் தலையில் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

2021-லிருந்து தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போடுகிறார்கள், வரவேற்கிறோம். அந்தப் பட்ஜெட்டில் இந்த ஐந்துக்கும் இடம் கிடைக்கும்வரை ஓயமாட்டோம். ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு கிளையிலும் இந்தக் கோரிக்கைகளைப் படித்துக் காட்டுங்கள், கையெழுத்து வாங்குங்கள், வட்டார வேளாண் அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள்.

மண் எங்கள் மண்! அதன் கணக்கும் எங்கள் கணக்கே!