மருத்துவமனையின் வெளிவாயில்

(மருத்துவமனைகளில் தொண்டாற்றும் தோழர்களின் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு சீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாக்குச் சீட்டைப் பற்றியன்று. அதைப் பற்றிப் பேச வேறு மேடைகள் உண்டு, என்னைவிட வல்ல பேச்சாளர்களும் உண்டு. அரசினர் மருத்துவமனையிலே படுக்கையை விட்டு எழுந்து போகிற நோயாளியின் கையிலே கொடுக்கப்படுகிறதே, டிஸ்சார்ஜ் சீட்டு, அதைப் பற்றியே நான் பேசப் போகிறேன்.

அந்தச் சீட்டிலே என்ன எழுதியிருக்கும்? ஆறு வாரம் ஓய்வு தேவை. காலை ஊன்றக் கூடாது. புண்ணில் ஈரம் படக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும். எழுதிய மருத்துவர் நல்லவர். எழுதியதிலும் பிழை கிடையாது. ஆனால் அதைக் கையில் வாங்குகிறவன், மேம்பாலத்தின் அடியிலே படுப்பவன். எந்தக் கட்டிலிலே அவன் ஆறு வாரம் ஓய்வு கொள்வான்? ஊன்றாத காலுடன் எந்தக் கழிப்பிடத்தைத் தேடிப் போவான்? மழை வந்தால் புண்ணை மறைப்பானா, தலையை மறைப்பானா? நீரிழிவு நோயாளியிடம் இன்சுலின் குப்பியைக் கொடுத்து, குளிர்ந்த இடத்திலே வைத்துக்கொள் என்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த குளிர்ந்த இடம் மார்கழி மாதத்து நடைபாதை ஒன்றுதான்!

ஆகவே அவன் திரும்பி வருகிறான். இரண்டு வாரம் கழித்து வர வேண்டியவன் நாலாம் நாளே வருகிறான், புண் அழுகி, காய்ச்சல் கண்டு. விரலோடு முடிந்திருக்க வேண்டிய அறுவை பாதத்தோடு முடிகிறது. மருந்துக்குச் செலவானது வீண், மருத்துவர் பட்ட பாடு வீண், அவன் கால் போனது மட்டும் மெய்.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை சொல்லும்: சிகிச்சை முடிந்தது, அடுத்த நோயாளி தரையிலே காத்துக் கிடக்கிறான், படுக்கையைக் காலி செய்ய வேண்டாமா? அது நியாயந்தான். வீடற்றோர் காப்பகத்தைக் கேட்டால் அது சொல்லும்: நடமாட முடிந்தவர்க்கே இங்கு இடம், கட்டு மாற்ற எங்களிடம் செவிலியர் இல்லை, ஒட்டுநோய் என்றால் மற்றவர்கள் கதி என்னாவது? அதிலும் நியாயம் உண்டு. இரண்டு நியாயங்களுக்கும் நடுவே கிடக்கிறது நடைபாதை. அங்கேதான் நம் மனிதன் இறக்கிவிடப்படுகிறான்.

மருத்துவமனையின் உள்வாயிலைத் திறப்பதற்காகச் சட்டம் நெடுநாள் போராடியிருக்கிறது. அடிபட்டவனைக் கண்டால் போலீசுக்காகக் காத்திராதே, உயிர் காப்பதே முதற்கடமை என்று 1989-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992-இல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார் ஒரு விவசாயத் தொழிலாளி. கல்கத்தாவின் அரசினர் மருத்துவமனைகளின் படிகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். படுக்கை இல்லை, வசதி இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. முடிவில் தனியார் மருத்துவமனையிலே ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டுப் பிழைத்தார். அவருடைய சங்கம் வழக்காடியது. பணமில்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையைத் தட்டிக் கழிக்க முடியாது என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. 25,000 ரூபாய் இழப்பீடும் வந்தது. சங்கம் இருந்ததால் வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

உள்வாயில் திறந்தது. வெளிவாயிலைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. அது எப்போதும் திறந்தே கிடக்கிறதல்லவா!

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அடிபட்டவனை எடுத்து வர 108 ஊர்தி உண்டு. பிள்ளை பெற்ற தாயையும் சேயையும் வீட்டிலே கொண்டுபோய்ச் சேர்க்க 2011 முதல் இலவச ஊர்தித் திட்டம் உண்டு. இறந்தவர் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்ல அமரர் ஊர்தி உண்டு. இவை வேண்டியவை, போற்றத் தக்கவை. பிறந்தவனும் இறந்தவனும் ஊர்தியிலே போகிறார்கள். பிழைத்தவன் மட்டும், வீடில்லாதவன் என்றால், கம்பை ஊன்றிக்கொண்டு வாயிலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஊர்தியே வந்தாலும் ஓட்டுநர் 'எங்கே போக வேண்டும்?' என்று கேட்பாரே, அந்தக் கேள்விக்கு அவனிடம் விடை இல்லை.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே நிலைமை என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே 'ஸ்கிட் ரோ' என்றொரு பகுதி. வீடற்றோர் ஆயிரக்கணக்கில் தெருவிலே கூடாரமடித்து வாழுமிடம். 2006 மார்ச்சில், அறுபது வயது கடந்த ஒரு பெண்மணி மருத்துவமனை அங்கியோடு வாடகைக் காரிலே கொண்டுவரப்பட்டு அங்கே இறக்கிவிடப்பட்டார். திக்குத் தெரியாமல் அவர் தெருவிலே தடுமாறியது கண்காணிப்புக் கருவியிலே படமாயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இடுப்புக்குக் கீழே செயலற்ற ஒருவர் அதே பகுதியில் இறக்கிவிடப்பட்டுச் சாக்கடையோரம் ஊர்ந்து சென்றார். குப்பை கொட்டுவதற்கு ஆங்கிலத்திலே எந்தச் சொல் உண்டோ அந்தச் சொல்லையே இச்செயலுக்கும் பெயராக வைத்தார்கள். சில நேரங்களில் வழக்குமொழி சட்டமொழியைக் காட்டிலும் நேர்மையாக இருக்கிறது.

வழக்குகள் நடந்தன, கிளர்ச்சி நடந்தது. 2018 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒரு சட்டத்திலே கையெழுத்திட்டார். 2019 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. வீடற்ற நோயாளியை அனுப்பும் முன்பு மருத்துவமனை அவருக்கு உணவு தர முன்வர வேண்டும். பருவத்துக்கேற்ற உடுப்புத் தர வேண்டும். மருந்து தேவைப்படுவோர்க்கு, மருத்துவமனையிலேயே மருந்தகம் இருப்பின், மருந்தைக் கையிலே கொடுத்தனுப்ப வேண்டும். 30 நிமிடப் பயணத்துக்குள், அல்லது 30 மைலுக்குள் இருக்கும் இடத்திற்கு ஊர்தி ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கே அனுப்பினோம் என்பதற்குப் பதிவேடு வைக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் அதன் ஓட்டையையும் சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியவனாவேன். அச்சட்டம் உடுப்பைத் தந்தது, சோற்றைத் தந்தது, ஊர்தியைத் தந்தது. ஊர்தி போய் நிற்க வேண்டிய கூரையைத் தரவில்லை. காப்பகத்திலே இடமில்லையென்றால் பதிவேட்டில் எழுதி வைப்பதோடு கடமை முடிந்துவிடும். மருத்துவமனையின்மேல் மட்டும் சுமையை ஏற்றிவிட்டு வீட்டுவசதித் துறை கைகட்டி நிற்குமானால், மேலும் ஒரு படிவம் நிரப்பப்படும். அவ்வளவுதான்.

இதற்கு விடை கண்டவர்கள் அதே நாட்டிலே பாஸ்டன் நகரத்தார். அங்கே 1985-இல், வீடற்றோர்க்கென ஒரு மருத்துவத் திட்டம் தொடங்கியது. ஜிம் ஓகானல் என்ற இளம் மருத்துவரை ஓராண்டுப் பணி என்று சொல்லி அழைத்து வந்தார்கள். பல்லாண்டுகள் அவர் அதிலேயே தங்கிவிட்டார். காப்பகத்துக்கு அவர் வந்த தொடக்கத்திலே, அங்கிருந்த பார்பரா மெக்கின்னிஸ் என்ற செவிலியர் அவரிடம் சொன்னது என்ன தெரியுமா? கழுத்திலே தொங்கும் கருவியை எடுத்து உள்ளே வை. வருகிறவர்களின் காலை வெந்நீர்த் தொட்டியிலே வைத்துக் கழுவு என்றாராம். மேற்படிப்பை முடித்து வந்த மருத்துவர் வாரக்கணக்கிலே மண்டியிட்டுக் கால் கழுவினார். பேசாதவர்கள் அதன் பிறகே பேசினார்கள். மருத்துவமனைக்கு வர மறுத்தவர்கள் வந்தார்கள். டிரேசி கிட்டர் என்ற எழுத்தாளர் 2023-இல் இதை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் கால் கழுவியதோடு அவர்கள் நிற்கவில்லை. தெருவுக்குப் போக முடியாத அளவு நோய், மருத்துவமனையிலே வைத்திருக்கப் போதாத அளவு நோய் — இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவர்க்குக் காப்பகம் ஒன்றிலேயே 25 படுக்கைகள் போட்டார்கள். செவிலியர் உண்டு, மருந்து உண்டு, மூன்று வேளை உணவு உண்டு. 1993-இல் அதற்கென்றே தனி இல்லம் கண்டு, அந்தச் செவிலியரின் பெயரையே சூட்டினார்கள். 2008-இல் 104 படுக்கைகளோடு புதுக் கட்டடத்துக்கு அது பெயர்ந்தது. ஆறு வாரம் ஓய்வு என்று சீட்டிலே எழுதினால், அந்த ஆறு வாரத்தைப் படுத்துக் கழிக்க ஓரிடம்! வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

செலவு என்பார்கள் கணக்குப் பிள்ளைகள். அவர்களுக்குக் கணக்காலேயே விடை சொல்வோம். சிகாகோ நகரிலே, மருத்துவமனையில் கிடந்த வீடற்ற நோயாளிகள் 407 பேரை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு முதலில் ஓய்வில்லம், பிறகு நிலையான வீடு, கூடவே ஒரு சமூகப் பணியாளர். மறு பிரிவுக்கு வழக்கமான முறை. 18 மாதம் கவனித்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். வீடு தரப்பட்டோர் மருத்துவமனையில் கிடந்த நாட்கள் நூற்றுக்கு 29 அளவும், அவசரப் பிரிவுக்கு ஓடிய தடவைகள் நூற்றுக்கு 24 அளவும் குறைவு. கூரைக்குக் கொடுக்க மறுக்கும் பணத்தை அறுவை அறையிலே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இங்கிலாந்திலே 2017-இல் ஒரு சட்டம் வந்தது. வீடற்றவர், அல்லது வீடிழக்கும் நிலையில் உள்ளவர் எனத் தெரிந்தால், அவருடைய இசைவைப் பெற்று, அவர் விரும்பும் ஊராட்சி அமைப்பின் வீட்டுவசதிப் பிரிவுக்கு மருத்துவமனை தெரிவித்தாக வேண்டும். 2018 அக்டோபர் முதல் இது கட்டாயக் கடமை. 'இசைவைப் பெற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

மருத்துவமனை என்ன சத்திரமா என்று நையாண்டி செய்வோர் உண்டு. அவர்கள் நம் நாட்டு வரலாற்றையாவது புரட்டட்டும். பாலாற்றங்கரைத் திருமுக்கூடலிலே, பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை. அதற்கு மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்டிர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், நோயாளிக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய அரிசி — எல்லாம் கல்லிலே வெட்டியிருக்கிறார்கள். மன்னராட்சியின் குறைகளை நான் அறியாதவனல்லன். அரிசியையும் மருந்தையும் ஒரே கல்லிலே வெட்டத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி இன்றைய இந்தியாவுக்கு வருவோம். 2011 பிப்ரவரி 28 இரவு வீடற்றோரைக் கணக்கெடுத்தார்கள். நாடெங்கும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களிலே பாதிக்கு மேல் நகரங்களில். ஒரே இரவில் கண்ணில் பட்டவர்களின் கணக்கு இது. 2010-இல் டில்லிக் குளிரிலே மனிதர்கள் மடிந்தபோது உச்சநீதிமன்றம் தலையிட்டது. பின்னர் 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறியிலே, ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் அளவு காப்பகம் வேண்டும் என்று எழுதப்பட்டது. காப்பகங்கள் தோன்றின, சென்னையிலும் தோன்றின. ஆனால் அவை குளிருக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடமாகவே எண்ணிக் கட்டப்பட்டவை. கட்டோடும் குழாயோடும் வருபவனை எண்ணிக் கட்டப்பட்டவையல்ல.

மனநோயாளிகள் விஷயத்திலே சட்டம் ஓரடி முன்னே போயிருக்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே அடைத்து வைத்திருக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் எங்கே போவது? சென்னையில் 1993-இல் தோன்றிய 'பேன்யன்' அமைப்பு அதற்கு ஒரு வழி காட்டியது. நீண்ட நாள் உள்ளேயே இருந்தவர்கள் நாலைந்து பேருக்கு ஊருக்குள்ளே வாடகை வீடு பிடித்து, உதவிக்கு ஆள் வைத்துக் குடியமர்த்தியது. அக்கம்பக்கத்தார் முதலில் முணுமுணுத்தால்தான் என்ன? மனநோய்க்கு முடிந்தது, முறிந்த காலுக்கு முடியாதா?

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது. நோயாளியைச் சேர்க்கிற அன்றே, 'எங்கே படுக்கிறாய்?' என்று கேட்டு எழுத வேண்டும். அனுப்புகிற அன்று காலையிலே கேட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். வீடில்லை என்று சொன்னால், அவர் இசைவோடு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ அறிவிப்பது மருத்துவமனையின் கடமையாகட்டும். அறிவிப்பைப் பெற்றவுடன் ஆள் அனுப்புவது நகராட்சியின் கடமையாகட்டும். ஒவ்வொரு பெரிய மருத்துவமனைக்கும் அருகே, செவிலியர் உள்ள ஓய்வில்லம் ஒன்று வேண்டும். அதைச் சுகாதாரத் துறை நடத்துவதா, நகராட்சித் துறை நடத்துவதா என்ற வழக்கை அவர்கள் கட்டடம் எழும்பிய பிறகு பேசிக்கொள்ளட்டும்.

இசைவு என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. 1945-இல் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தார்கள். டில்லியிலே நடப்பிலிருந்த அதுபோன்ற சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018-இல் அங்குள்ள உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. ஏழையைப் பிடித்து வண்டியிலே ஏற்றும் பழக்கம் அத்தகைய சட்டங்களிலிருந்து வந்தது. மருத்துவமனையில் பெயர் சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒருமுறை செய்தி பரவினால் போதும், அழுகிய காலோடு ஒருவனும் உள்ளே வரமாட்டான்.

சட்டம் வரும்வரை நாம் என்ன செய்வது என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வட்டத்திலே உள்ள காப்பகங்களுக்கு நேரிலே போங்கள். எத்தனை படுக்கை, பெண்களுக்கு எது, முதியோர்க்கு எது, படியேற முடியாதவரைச் சேர்ப்பார்களா, இரவு எத்தனை மணிவரை கதவு திறந்திருக்கும், பொறுப்பாளரின் தொலைபேசி எண் என்ன என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்திலே எழுதுங்கள். அந்தப் புத்தகத்தின் நகலொன்றை வார்டு செவிலியரிடம் கொடுங்கள். அவர் மறுக்கமாட்டார், இப்படியொன்று கிடைக்காதா என்றுதான் இருப்பார். குடும்ப அட்டை இல்லாதவனுக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கவும், தாலுகா அலுவலகத்துக்குக் கூடச் சென்று நிற்கவும் இருவரை ஒதுக்குங்கள். கட்டு மாற்றும் நாளிலே கைத்தாங்கலாக அழைத்து வர இருவர். மாதம் ஒருமுறை அந்த நோட்டைத் திருத்தி எழுத ஒருவர். இத்தனை பேர் போதும் ஒரு மருத்துவமனைக்கு. பெயர் கொடுக்க விரும்புவோர்க்காக வாயிலருகே மேசை போட்டிருக்கிறார்கள். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை என்பதையும் சேர்த்து எழுதிவிட்டுச் செல்லுங்கள்.