தொழுவத்தில் ஓர் இரவு



டிராம்பே என்றால் அணு உலையும் எண்ணெய்க் குழாய்களும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் மகாராஷ்டிர விவசாயிக்கு நம் ஊர் விதை தந்த ஊர். இங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் அகோலா வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1985-இல் கொடுத்த உளுந்து ரகம் டி.ஏ.யு.-1, இம்மாநில வயல்களில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தது. அதே கூட்டு முயற்சியில் வந்தது டி.ஏ.ஜி.-24 நிலக்கடலை. அந்தக் கடலையை மண்ணிலிருந்து பிடுங்கிப் பார்த்த பிள்ளைகள் நம் சீட்டா கேம்ப் சந்துகளில் எத்தனை பேர் இருப்பார்கள்?

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? 1976-ஆம் ஆண்டு மே மாதம், நம் பெரியவர்கள் வாழ்ந்த ஜனதா காலனியை இடித்து, அவர்களை சீட்டா கேம்ப் என்ற இந்தச் சேற்று நிலத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். குடும்பத்துக்கு 10-க்கு 15 அடி இடம். கறிவேப்பிலைக் கன்று வைக்கவே வழியில்லாதபோது, கொல்லையும் தொழுவமும் எங்கே இருக்கும்?

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போக நாம் ஏறும் நாகர்கோவில் ரயில், கல்யாண் தாண்டி கர்ஜத் வழியாகத்தான் மலை ஏறுகிறது. ஜன்னலில் ஓடி மறையும் அந்த வயல்களில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மான்குர்டில் ஏறி, குர்லாவில் வண்டி மாறினால் கர்ஜத் லோக்கல் நேரலில் கொண்டுபோய் விடும். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சந்திரசேகர் பட்சாவ்ளே, 1980-களிலேயே அங்கே தம் பண்ணையை விருந்தினருக்குத் திறந்துவிட்டார். சகுணா பாக் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். 2005-இல் பாராமதிப் பக்கம் பாண்டுரங் தாவ்ரே இதையே ஓர் இயக்கமாக்கினார். 2020-இல் மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது.

பெரிய பண்ணைகளைவிட, இரண்டு மூன்று ஏக்கர்க்காரர் வீட்டுத் தொழுவம்தான் என் மனதுக்கு நெருக்கம். ராய்கட் மாவட்டத்தில் பெரும்பாலும் மழைக்கால நெல் ஒரு போகம்தான். பவர் டில்லர் வந்தபின் பல வீடுகளில் காளை போய்விட்டது. காலியான தொழுவத்தை அவர்கள் இடிக்கவில்லை. அதே மரத்தூண், அதே ஓடு. கார்வி குச்சிகளை வரிந்து மண் பூசிய சுவர். தரையில் சாணி மெழுகி, கட்டிலும் கொசுவலையும் போட்டு, பக்கத்தில் கழிப்பறை கட்டினால் விருந்தினருக்கு அறை தயார். விறகடுப்பில் அரிசி மாவு பாக்ரி, கடலை மாவில் பிட்லா, அம்மியில் நசுக்கிய பச்சை மிளகாய்த் தேச்சா. மழை ஓட்டில் விழுகிற சத்தத்துக்கு, தகரக் கூரையின் கீழேயே வளர்ந்த பிள்ளை அப்படி அயர்ந்து தூங்கும்!

நேரல், கர்ஜத் பக்கம் எங்கும் பங்களா மனை விற்பனைப் பலகைகள்தான். அறுவடை முடிந்து வருமானமில்லாத மாதங்களில் நாம் தரும் வாடகை, நிலத்தை விற்காமல் வைத்திருக்க அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம். ஆகவே தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

இடம் பிடிக்கும்முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். விவசாயி குடும்பம் அங்கேயே குடியிருக்கிறதா? இப்போது வயலில் என்ன நிற்கிறது? யார் சமைக்கிறார்கள்? பதில் தடுமாறினால் அது பண்ணை வேஷம் போட்ட ரிசார்ட், விட்டுவிடுங்கள். நடவு பார்க்க ஜூலையில் போகலாம், அறுவடைக்கு அக்டோபர் கடைசி. இரவில் டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள், பாம்பு இருக்கும். மழைக்காலத்தில் அருவியிலும் ஆற்றிலும் குளிக்கவே வேண்டாம். கர்ஜத் பக்கம் ஆண்டுதோறும் இளம் உயிர்கள் போகின்றன.

வீட்டில் ஊரை நினைத்து ஏங்கும் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். நாற்று நடுவது எப்படி என்று பேரப்பிள்ளைக்கு அவர்களே சொல்லிக் கொடுக்கட்டும்.