எட்டுக் கூறில் ஏழு



கணிதம் கற்பிப்பதில் என்னினும் முதிர்ந்த அனுபவமுடையோர் பலர் முன்வரிசையில் வீற்றிருக்க, இம்மாநாட்டின் தலைமைப் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்த அன்பர்களுக்கு நன்றி கூறும்போதே, அக்கௌரவத்துக்குத் தகுந்ததாக ஏதேனும் சொல்ல வேண்டுமே என்ற அச்சமும் என் உள்ளத்தில் எழுகின்றது. வாழ்க்கையில் எழும் கணக்குகளையும் பொறியியற் செய்முறைகளையும் கொண்டு மாணாக்கரை ஈர்ப்பது எங்ஙனம் என்பது நம் மாநாட்டின் விஷயம். இதுபற்றிக் கணிதக் கல்வியறிஞர்களான போல்யாவும், ஹாலந்து தேசத்துப் பிராய்டன்தாலும் கூறியவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள்.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டாக நான் பேச விழைவது, போதையனார் என்னும் பழம்புலவர் பெயரால் நம்மிடையே வழங்கும் ஒரு சூத்திரத்தைப் பற்றி. செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களுள் நீண்டதை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளி, எஞ்சிய ஏழுடன் குறுகிய பக்கத்திற் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்கிறது அது. 4, 3 என்ற பக்கங்களுக்கு 5 வருகின்றது. 12, 5 என்றால் 13 வருகின்றது. வர்க்கமூலம் காணும் சிரமமே இல்லை. இதைக் கண்டு, பிதாகரஸின் தேற்றத்தை அவருக்கு முன்பே நாம் அறிந்திருந்தோம் என்று நண்பர்கள் சிலர் மேடைதோறும் முழங்கினர். வேறு சிலரோ, பிழையான விதிக்குப் பாடப்புத்தகத்தில் இடமில்லை என்று ஒரே வாக்கியத்தில் அதைத் தள்ளினர். இரு சாராரிடத்தும் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் இரு சாராரும் விதியை அளந்து பார்க்கவில்லை.

கூரைக்குக் கைமரம் அறுக்கும் தச்சர், கிடையும் உயரமும் 10 அடியாக இருக்குமிடத்தில் இவ்விதியை நம்பினால் 13.75 அடிக்கு அறுப்பார், வேண்டியதோ 14.14 அடி, மரம் ஏறத்தாழ ஐந்து அங்குலம் குறைந்துவிடும். பக்கங்கள் 20, 1 எனக் கொண்டால் கர்ணம் 18 என்று வந்து, நீண்ட பக்கத்தினும் குறுகிப்போகின்றது. அங்ஙனமாயின் விதி எங்கேதான் பொருந்தும் என்ற கேள்வியை மாணாக்கரிடம் விட்டால், அவர்கள் அதைத் தேற்றத்துடன் சமன் செய்து, ஓர் இருபடிச் சமன்பாட்டை அடைந்து, பக்கங்களின் விகிதம் 4:3 ஆகவோ 12:5 ஆகவோ இருந்தாலன்றி விடை துல்லியமாகாது என்று தாமே காண்பார்கள். அவ்விரண்டிற்கும் இடையில் விதி தரும் மிகை நூற்றுக்கு ஒரு பங்கையும் எட்டாது என்பதையும் காண்பார்கள்.

போற்றுவோர் உதாரணம் காட்டும் முக்கோணங்களும் இவ்விரண்டே என்பது தற்செயலன்று. அவற்றைக் கொண்டு இரு சமன்பாடுகளை அமைத்துத் தீர்த்தால் எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும் தாமே வந்து நிற்கின்றன. ஆகவே, இச்சூத்திரத்தைச் செய்தவர் தேற்றத்தை நிறுவவுமில்லை, பிழை புரியவுமில்லை. தெரிந்த இரு முக்கோணங்களிலிருந்து தொழிலாளிக்கு உதவும் ஒரு யுக்தியைச் சமைத்தார் என்பதே என் அபிப்பிராயம். ஒரு பொறியாளர் செய்யும் காரியம் வேறென்ன? பாடத்திட்டம் வகுப்போர் இதனை ஒன்பதாம் வகுப்பிலேயே வைக்கலாம் என்று நான் வற்புறுத்துவேன்.

மறுக்க விரும்பும் நண்பர்களுக்காகப் பிற்பகல் அமர்வில் கயிறும் முழக்கோலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.