மாடி டிக்கெட்டும் ஒரு சென்ட் வரியும்



பழைய தியேட்டரைப் பற்றிப் பேசச் சொன்னால் எந்தப் படம் எத்தனை நாள் ஓடுச்சுன்னுதான் ஆரம்பிப்பாங்க. யாரை எங்கே உட்கார வெச்சாங்கன்னு கேட்கிறதிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன்.

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா மாகாணம். அங்கே நியூ கிளாஸ்கோ என்கிற சின்ன ஊரில் ரோஸ்லேண்ட் தியேட்டர். கீழ்த்தளம் வெள்ளையருக்கு, பால்கனி கறுப்பருக்கு. நம்ம ஊர்ல பால்கனின்னா ஒசத்தி, அங்கே தலைகீழ். பலகை எதுவும் மாட்டலை. எழுதாமலே நடந்த சட்டம். ரெட்டை டம்ளரைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1941-லேயே எதிர்ப்பு தொடங்கிடுச்சு. அந்த ஊரில் பிறந்த கேரி பெஸ்ட் என்ற கறுப்பினப் பெண் தன் மகனோடு கீழ்த்தளத்தில் உட்கார்ந்தார். வெளியேற்றினார்கள். வழக்குப் போட்டார், 1942-ல் தோற்றார். அவர் ஓய்ந்துவிடவில்லை. 1946-ல் ‘கிளாரியன்’ என்று சொந்தப் பத்திரிகை தொடங்கினார்.

அதே 1946, நவம்பர் 8. ஹாலிஃபாக்ஸ் நகரில் அழகு நிலையம் நடத்திவந்த வயோலா டெஸ்மண்ட், கார் பழுதாகி அந்த ஊரில் தங்க வேண்டியதாச்சு. பொழுதுபோகப் படம் பார்க்கப் போனார். கண் பார்வை மங்கல், அதனால் கீழே உட்கார்ந்தார். கவுன்ட்டரில் அவருக்குக் கொடுத்ததோ மாடி டிக்கெட். மீதிக் காசு தர்றேன், கீழ் டிக்கெட் கொடுங்கன்னு கேட்டார். உங்க ஆளுங்களுக்குக் கீழே டிக்கெட் விற்கக்கூடாதுன்னுட்டாங்க. அவர் நகரவில்லை. போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. இடுப்பில் அடி. ராத்திரி முழுக்க லாக்கப்.

மறுநாள் கோர்ட்டில் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வரி ஏய்ப்பு! கீழ் டிக்கெட் 40 சென்ட், அதில் வரி 3 சென்ட். மாடி டிக்கெட் 30 சென்ட், அதில் வரி 2 சென்ட். ஆக, அரசாங்கத்தை ஒரு சென்ட் ஏமாற்றிவிட்டார்! அபராதம் 20 டாலர், செலவுத்தொகை 6 டாலர். வக்கீல் கிடையாது. விசாரணையில் நிறம் என்ற பேச்சே எழவில்லை.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆதிக்கம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்கு வராது. வரி, லைசென்ஸ், பொது அமைதின்னு வேற பெயரில்தான் வரும். கறுப்பின மக்கள் காசு திரட்டி மேல்முறையீட்டுக்கு உதவினார்கள். ‘கிளாரியன்’ முதல் பக்கத்தில் போட்டது. 1947-ல் உயர்மட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வரிச் சட்டத்தை நிறப் பாகுபாட்டுக்குக் கள்ளத்தனமாகப் பயன்படுத்தினார்களோ என்ற சந்தேகம் ஒரு நீதிபதிக்கே வந்தது. தீர்ப்பு மாறவில்லை.

வயோலா 1965-ல் இறந்தார், குற்றவாளியாகவே. அவர் தங்கை வாண்டா ராப்சன் இந்த நியாயத்தை விடாமல் பேசினார். 2010-ல் அரசு ‘மன்னிப்பு’ வழங்கியது. கையெழுத்திட்ட துணைநிலை ஆளுநர் மேயன் ஃபிரான்சிஸும் கறுப்பினப் பெண்தான். 2018-ல் பத்து டாலர் நோட்டில் வயோலாவின் படம் வந்தது. 2021-ல் அபராதத்தை அடையாளமாகத் திருப்பித் தந்தார்கள்.

மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு உறுத்துது. தப்பு செய்தவங்களைத்தான் மன்னிக்கணும். அவர் என்ன தப்பு செய்தார்? வயோலா குற்றமற்றவர், தண்டித்ததே தவறு என்று அரசே சொன்னது உண்மை. அதைச் சொல்ல 63 வருஷம் ஆனதும் உண்மை.

நம்ம ஊரிலும் பழைய தியேட்டர்களின் சரித்திரத்தை எழுதுறாங்க. முதலாளி பெயர், முதல் படம், புரொஜெக்டர் கம்பெனி எல்லாம் அதில் இருக்கு. அந்தக் கட்டடத்துக்குள்ள யார் எங்கே உட்கார்ந்தாங்க, யாரை எழுப்பிவிட்டாங்க? கேட்டுச் சொல்லப் பெரியவங்க இன்னும் இருக்காங்க. போய்க் கேளுங்க, எழுதி வையுங்க.