சென்னை விமானம் திருச்சியில் இறங்கினால்...
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஐப்பசி மழை தொடங்கும் முன் இதைப் பேசிவிட நினைத்தேன்.

நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சென்னையில் இறங்கி, ரயில் பிடித்து ஸ்ரீரங்கம் வருகிறவர்களும் உண்டு. ஒருநாள் சென்னையில் கனமழை. மகன் வரும் விமானம் திருச்சியில் இறங்குகிறது. "அம்மா, நம்ம ஊர்லதான் இருக்கேன், ஆனா இறங்க விடமாட்டேங்கிறாங்க" என்று போன் வருகிறது. வீடு பதினைந்து கிலோமீட்டருக்குள். பெற்ற மனம் என்ன பாடுபடும்!

முதலில் ஒன்று. இது விபத்து அல்ல, முன்கூட்டியே போட்ட திட்டம். விமானம் புறப்படும் முன்பே மாற்று விமான நிலையத்தைக் குறித்துவிடுகிறார்கள். அதுவரை போகவும், அதற்கு மேல் அரை மணி நேரம் பறக்கவும் எரிபொருள் இருக்க வேண்டும். ஓடுதளம், வானிலை, நிறுத்த இடம் எல்லாம் பார்த்தே முடிவெடுப்பார்கள். நம் ஓடுதளம் சுமார் 2,480 மீட்டர். பெங்களூரில் 4,000 மீட்டர். அதனால் பெரிய விமானங்கள் அங்கே போவதே வழக்கம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள், மறுநாள் அதிகாலைதான் திறந்தார்கள்.

"இன்னொரு முறை சென்னையிலேயே முயன்றிருக்கலாமே" என்பவர்களுக்கு 2015 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். தோகாவிலிருந்து கொச்சி வந்த விமானம் அங்கே மூன்று முறை முயன்றும் இறங்க முடியாமல் திருவனந்தபுரம் போனது. அங்கும் மூன்று முறை முடியவில்லை. ஏழாவது முயற்சியில் தரை தொட்டபோது எரிபொருள் கிட்டத்தட்ட தீர்ந்திருந்தது. தாமதம் ஆனாலும், காலத்தோடு திரும்பும் விமானியே நல்ல விமானி.

சரி, ஏன் இறங்க விடுவதில்லை? வெளிநாட்டு விமானம் என்றால் குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டிகளை இறக்குவது என்று எல்லாம் இங்கே நடக்க வேண்டும். மழை விட்டதும் எரிபொருள் நிரப்பிக் கிளம்பிவிடலாம் என்று காத்திருப்பார்கள். ஊழியர்களின் பணி நேரம் முடிந்துவிட்டாலோ, சென்னை திறக்க வெகுநேரம் ஆகும் என்றாலோ இறக்கிவிடவும் கூடும். உள்நாட்டு விமானம் என்றால் ஊழியரிடம் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே பிள்ளைகளிடம் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். மாத்திரையும் சார்ஜரும் கைப்பையில் இருக்கட்டும். மழை மாதங்களில் விமானம் இறங்கி இரண்டு மணி நேரத்தில் ரயில் என்று டிக்கெட் போட வேண்டாம். ஊழியரிடம் சண்டை போட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதும், கனடாவின் கேண்டர் என்ற சிற்றூரில் 38 பயணிகள் விமானங்கள் இறங்கின. ஊரின் மக்கள்தொகை சுமார் 10,000. வந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள்கூட வண்டியை எடுத்தார்கள். பள்ளிகளையும் வீடுகளையும் திறந்துவிட்டார்கள்.

நம் விமான நிலையத்திலும் ஒரு மழை இரவில் சென்னைப் பயணிகளை இறக்கிவிடலாம். அதில் நமக்குத் தெரிந்தவர் இருந்தால் குழுவில் ஒரு வரி போடுங்கள். ஒரு காரும், ஒரு பாயும், சூடாக ஒரு டம்ளர் காபியும் நம்மால் முடியாததா? நம் பிள்ளை வேறு ஊரில் இறங்கும்போது அங்கேயும் யாராவது இப்படிக் கதவைத் திறக்கட்டும்.