முற்றத்தில் பிறந்த பள்ளி

(உல்லாஸ்நகரில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மழலையர் கல்வி வசதி படைத்தோரின் கவலை, தொழிலாளர் கூட்டத்தில் பேசத்தக்க பொருளல்ல என்று கருதும் பழக்கம் இயக்கத்துக்குள்ளும் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்குச் சோறும் பாதுகாப்பும் போதாதா என்று கேட்போரும் உளர். ஆளும் வர்க்கங்கள் இதை ஒருபோதும் அற்பமாக எண்ணியதில்லை. விளையாட்டின் வழியும் கைவேலையின் வழியும் கற்கும் பள்ளிக்கு ஜெர்மானியரான ஃபிரோபெல் 1840இல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டார். 1848 புரட்சி ஒடுக்கப்பட்ட பின், நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டி, 1851இல் பிரஷ்ய அரசு அப்பள்ளிகளைத் தடை செய்தது. ஃபிரோபெலின் சகோதரர் மகன் எழுதிய நூலை அவர் எழுதியதாக அதிகாரிகள் குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம் என்பர். எப்படியாயினும், மரக்கட்டையும் பந்தும் வைத்து விளையாடிய குழந்தைகளைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது.

மாண்டிசோரி என்ற பெயரைக் கேட்டவுடன் இன்று பெருங்கட்டணம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1907 ஜனவரியில் மரியா மாண்டிசோரி தமது முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கியது ரோம் நகரின் சான் லோரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் குழந்தைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்காமல் இருக்க வேண்டும் என்பதே கட்டட நிறுவனத்தின் அக்கறை. அவர்கள் சுவரைக் காக்க நினைத்தார்கள். மாண்டிசோரி குழந்தையைக் கவனித்தார். தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த ஒரு முறை பின்னர் கட்டணம் செலுத்தக்கூடியோரின் சொத்தாக மாறியது. சந்தையில் இது புதிய கதையல்ல.

இந்தியாவில் வேறொரு கதையும் நடந்தது. அதன் முக்கியப் பகுதி அன்றைய தாணே மாவட்டத்தில் நடந்தது. வழக்கறிஞர் தொழிலை விட்டு வந்த கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். அடியும் அச்சமும் இல்லாத வகுப்பறை அவரது கனவு. அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், அவ்வேலை நடுத்தர வர்க்க வீடுகளோடு நின்றுவிடுவதை ஏற்கவில்லை. 1945இல் போர்டி கிராமத்துக்கு வந்து பால்வாடி தொடங்கினார். இளமையிலேயே கைம்பெண்ணாகி, பின்பு படித்து ஆசிரியையான அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார்.

அங்கே ஒரு சிக்கல். பள்ளி திறந்திருந்தது, தலித் குடியிருப்புக் குழந்தைகள் வரவில்லை. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பழி சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல், பள்ளியைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பின் முற்றத்துக்கே போனார்கள். முற்றம் என்பதற்கு அங்குள்ள சொல் ‘அங்கண்’. அங்கன்வாடி என்னும் சொல் அங்குதான் பிறந்தது. விலையுயர்ந்த வெளிநாட்டுக் கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், விதை, இலை, கிளிஞ்சல், களிமண் ஆகியவையே பாடக் கருவிகளாயின. 1957இல் வார்லி ஆதிவாசிகள் வாழும் கோஸ்பாடுக்குப் பணி மாறியபோது, மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது. தம்பி தங்கையைத் தூக்கிவைத்திருக்கும் சிறுமி படிக்க வேண்டுமானால், அந்தக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் வேண்டும் என்று கண்டு அதையும் அமைத்தார்கள்.

குழந்தையை மையமாகக் கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. குழந்தையின் விருப்பத்தை மட்டுமல்ல, அது சுமக்கும் வேலையையும் பார்க்க வேண்டும்.

அதே 1945இல், அதே மண்ணில், செங்கொடியும் எழுந்தது. ஜனவரியில் கல்யாணைக் கடந்து சில நிலையங்கள் தள்ளியுள்ள டிட்வாலாவில் மகாராஷ்டிர கிசான் சபா மாநாடு கூடியது. வார்லி மக்களின் கொத்தடிமையையும் கட்டாய உழைப்பையும் எதிர்த்த போராட்டத்துக்குத் தோழர் கோதாவரி பருலேகரும் தோழர் ஷாம்ராவ் பருலேகரும் தலைமை தாங்கினர். அக்டோபர் 10 அன்று தல்வாடாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜெட்யா காங்கட் உள்ளிட்ட ஐந்து ஆதிவாசிகள் உயிர்நீத்தனர். தாராபாயும் அனுதாயும் கம்யூனிஸ்டுகள் அல்லர். அவ்விரு முயற்சிகளையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியன்று. ஆனால் தகப்பனின் கடனுக்காக நிலவுடைமையாளரின் வீட்டில் உழைக்கும் குழந்தைக்கு விதை எண்ணி விளையாட நேரம் கிடைக்காது. முதலில் அந்த நேரத்தை மீட்க வேண்டியிருந்தது.

கையால் கற்பது ஏன் அவசியம்? ஒன்று முதல் இருபது வரை பாட்டாகச் சொல்லும் குழந்தையின் முன் ஐந்து புளியங்கொட்டைகளை நெருக்கமாகவும், வேறு ஐந்தைப் பரப்பியும் வைத்தால், பரப்பியவையே அதிகம் என்று சொல்லும். எண்ணின் பெயரை அது அறிந்திருக்கிறது, எண்ணை அறியவில்லை. அடுக்கி, கலைத்து, கையால் நகர்த்திப் பலமுறை பார்த்த பிறகே ஐந்து என்பது ஐந்தாக நிலைக்கிறது. மாவு பிசைவதும் மணி கோப்பதும் விரல்களுக்கு வலுத் தருகின்றன. அந்த வலுவில்லாத கையில் பென்சிலைத் திணித்து இரண்டு கோட்டு நோட்டில் எழுத வைப்பது வதை. சந்துக்குச் சந்து முளைத்துள்ள ‘இங்கிலீஷ் மீடியம்’ நர்சரிகள் மூன்று வயதில் வீட்டுப்பாடம் தருவதையே தரம் என்று விற்கின்றன. உழைப்பாளிப் பெற்றோர் வயிற்றைக் கட்டி அக்கட்டணத்தைச் செலுத்துகின்றனர். அவர்களை ஏளனம் செய்வதில் பயனில்லை. எதிரே உள்ள அங்கன்வாடி எந்த நிலையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று தாராவி. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இத்திட்டத்தின் ஊழியர், அரசின் கணக்கில், ‘கௌரவப் பணியாளர்’. ஒன்றிய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த மாத மதிப்பூதியம் ஊழியருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் சேர்ப்பது தனி. எடை பார்ப்பது, சத்துணவு, கைப்பேசிச் செயலியில் பதிவு, கணக்கெடுப்பு என எல்லாம் அவர் தலையில். இத்தனைக்கும் பிறகு களிமண் உருட்ட எப்போது உட்காருவார்? 2023இல் ‘ஜாதுயி பிட்டாரா’ என்று விளையாட்டுப் பொருள் பெட்டி ஒன்றை ஒன்றிய அரசு அறிமுகப்படுத்தியது. பெட்டி நல்லதுதான்; அதைத் திறக்க இடமும் ஆளும் நேரமும் வேண்டும். மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் 2023 டிசம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேலாக நடத்திய வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் பார்ப்பது தவறு; அது மழலையர் கல்விக்கான போராட்டமும் ஆகும். பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு முதலில் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் குறித்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆனால் ஆறு வயது முதல்தான். ஆறுக்குக் கீழ் உள்ளோருக்கு அரசு ‘முயல வேண்டும்’, அவ்வளவே. உரிமை என்ற சொல் அங்கே நழுவவிடப்பட்டது.

உல்லாஸ்நகருக்கு வருவோம். பிரிவினையால் வீடிழந்த சிந்தி மக்களுக்காக, கைவிடப்பட்ட ராணுவ முகாமில் எழுந்த நகரம் இது. இன்றும் பகுதிகள் ‘கேம்ப்’ எண்ணால் அழைக்கப்படுகின்றன. ஜீன்ஸ் தைக்கும் சிறு பட்டறைகள் இங்கு ஏராளம். பிசிறு வெட்டும் வேலை கட்டுக்கட்டாக வீட்டுக்கே வருகிறது. கூலி பீஸ் கணக்கில். முப்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். ஐம்பது பேர் உள்ள நிறுவனங்களுக்கு 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு உதவிச் சட்டமும் அதையே விதித்தது. பத்துப் பேர் பட்டறையும், வீட்டுத் தரையில் அமர்ந்து வேலை செய்யும் தாயும் எந்த வரம்புக்குள்ளும் வருவதில்லை. கத்தரியும் நூல்குப்பையும் கிடக்கும் அந்த அறையில்தான் குழந்தையும் இருக்கிறது.

மொழியும் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் மூன்று வயதுக் குழந்தை, மராத்தி மட்டுமே ஒலிக்கும் அறையில் முதல் மாதங்களில் வாய் திறப்பதில்லை. மராத்தி அவசியம் கற்க வேண்டும். அதை மறுப்போர் இல்லை. முதல் கதையும் முதல் கேள்வியும் தாய்மொழியில் வரவேண்டும் என்பதே கோரிக்கை. தமிழ்க் குடும்பங்கள் செறிந்துள்ள சந்துகளில் தமிழறிந்த பெண்களை ஊழியராகவோ உதவியாளராகவோ நியமிக்கக் கேட்பது எளிதில் நிறைவேறக்கூடிய ஒன்று.

ஆகவே கிளைகள் செய்ய வேண்டிய முதல் வேலை கணக்கெடுப்பு. ஒவ்வொரு சந்திலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், தாய் என்ன வேலை செய்கிறார், எத்தனை மணி நேரம், அருகிலுள்ள அங்கன்வாடி எத்தனை மணிக்கு மூடுகிறது, அது சொந்தக் கட்டடத்திலா வாடகை அறையிலா, அங்கு தண்ணீரும் கழிப்பிடமும் உண்டா, குழந்தைகள் உட்காரவும் ஓடவும் தரை எத்தனை சதுர அடி என்று எழுத வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களையும் உடன் அழைத்துக்கொண்டு செல்வது நல்லது; அவர்களிடம் பாதி விடைகள் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கும். அந்தத் தாள்களோடு மாநகராட்சி அலுவலகத்துக்கும் திட்ட அலுவலரிடமும் செல்லலாம்.