கேந்திச் செடி கேட்கும் கேள்வி

(வள்ளியூரில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளித் தோட்டத்தில் டெய்சி வளர்க்கலாமா என்று ஓர் ஆசிரியை கேட்டார். படப் புத்தகத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு ஆசை. டெய்சி குளிர்ந்த நாட்டுச் செடி. நம் வெயிலைத் தாங்குவது கடினம். ஆனால் அதன் சொந்தபந்தங்கள் இங்கேயே இருக்கின்றன. தோவாளைப் பூச்சந்தையில் குவியும் கேந்தி, செவ்வந்தி, பள்ளிச் சுவரோரம் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டு எல்லாமே டெய்சி சேர்ந்த சூரியகாந்திக் குடும்பம்தான்.

இக்குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று சொல்வது பல சிறு பூக்களின் கூட்டம். இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அதற்குப் பதில், செடியிலேயே முற்றிக் காய்ந்த நாட்டுக் கேந்தியைக் கையில் கொடுங்கள். இதழ்களை ஒவ்வொன்றாக உருவினால் அடியில் ஊசி போன்ற கறுத்த விதை இருக்கும். விதையைத் தருவது எது? பூ. அப்படியானால் நாம் இதழ் என்று நினைத்தது எது? இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். விடையைப் பிள்ளைகள் சொல்லட்டும்.

அதற்குச் செடி வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இளங்கன்றை நிற்கவிடாது. புரட்டாசியில் தொட்டியில் விதையுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். ஒரு மாதக் கன்றுகளை ஒன்றரை அடி இடைவெளியில் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். மழைநீர் தேங்கினால் வேர் அழுகும். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். கிள்ளப் பிள்ளைகள் தயங்குவார்கள். இரண்டு செடிகளைக் கிள்ளாமல் விட்டு, எதில் பூ அதிகம் என்று எண்ணச் சொல்லுங்கள்.

மொட்டு விடும் நேரத்தில் அரையாண்டு விடுமுறை வந்துவிடும். தோட்டம் கவனிப்பாரற்றுப் போவது அப்போதுதான். பாத்தியில் சருகு பரப்பி ஈரம் காக்கலாம். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுங்கள். செடிக்கு ஒரு பிள்ளை என்று பெயர் எழுதி வையுங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் தன் செடியைப் பற்றிக் கேட்டால் பேசும். நமக்கு அந்தப் பேச்சு வேண்டும்.

காய்ந்த பூக்களை நிழலில் உலர்த்தி, விதையைக் காகித உறையில் இட்டு, அடுத்த ஆண்டு அவ்வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக எடுத்து வையுங்கள்.